சூளைக் கொட்டகையில் மூன்று மாதம் தூங்கிய வண்டி

எழுபத்திரண்டாம் வருஷம், தை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தே காலுக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். விருத்தாசலத்துக்கு டிக்கெட் ஒரு ரூபாய் எழுபது பைசா. சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஓர் உரக் கம்பெனி எழுதியது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பார்த்து உரம் விற்க ஆள் வேண்டுமாம். சொந்த மோட்டார் சைக்கிள் இருப்பவர் மட்டும், வண்டியோடு, மங்களூர் யூனியன் ஆபீஸுக்கு எதிரில் உள்ள உரக்கடைக்கு மதியம் ஒரு மணிக்குள் வர வேண்டும். அதற்கு மேல் அதிகாரி இருக்க மாட்டார். மங்களூர் என்றதும் யாரும் மேற்குக் கடற்கரைக்குப் போய்விட வேண்டாம். இது திட்டக்குடிப் பக்கத்து மங்களூர்.

எட்டு மாதமாக எனக்கு வேலை இல்லை. முப்பத்தாறு வயதில் மைத்துனன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று எழுத வேண்டியதில்லை.

என் வண்டி விருத்தாசலத்தில் இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கும் முன் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தேன். சிதம்பரத்தில் மைத்துனன் வீட்டுக்கு வாசல் உண்டு, வாசலுக்குக் கூரை கிடையாது. மழையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் நிக்கல் பூச்சு முழுக்கத் துரு ஏறிவிடும். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் அருளப்பன் சூளை பார்க்கிறார். கடலூரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். சூளைக் கொட்டகை எந்த மாதத்திலும் கதகதப்பாக, ஈரமில்லாமல் இருக்கும். வண்டி வைக்க அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் இல்லை என்று நினைத்தேன். "ஒரு சொட்டுத் தண்ணி, ஒரு மூச்சுக் காத்து உள்ளே போகக் கூடாதுய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்தேன்.

கம்மாபுரத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. பனி. கண்டக்டர் இறங்கி டீ குடித்தான், திரும்பி வந்தான், மறுபடி இறங்கி வெற்றிலை வாங்கினான். "கொழுந்து வெத்தலையா பாத்து வாங்குப்பா, நாங்க பொங்கல் வரைக்கும் இருக்கோம்" என்று பின்னால் ஒரு அம்மாள் சொன்னாள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை 7.20. விருத்தாசலம். டீ பதினைந்து பைசா, சர்க்கரை அதிகம். பட்டறைகள் இருக்கும் பக்கம் நடந்தால் ரோட்டுப் பள்ளங்களை நிரப்பியிருப்பது ஜல்லி அல்ல. உடைந்த கப்பு, காது போன ஜாடி, பாதி வெந்த பியூஸ் கட்டை. வெயில் பட்டதும் ரோடு பல்லைக் காட்டுகிறது. வெளியூர்க்காரன் கீழே பார்த்து நடக்கிறான். இந்த ஊர்க்காரர்கள் செருப்பில்லாமல் அதன் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே போகிறார்கள். மரத்து இலை, மாட்டு முதுகு, வேலைக்குப் போகும் பெண்களின் முழங்கை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி.

அருளப்பன் கொட்டகை வாசலில் நின்றார். சூளையை முந்தாநாள்தான் எரித்து முடித்திருந்தார்கள். எரித்து முடித்ததும் அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சந்து பொந்து எல்லாம் குழைத்த மண்ணால் பூசிவிடுவார்கள். தானாக ஆறுகிற வரை யாரும் தொடக் கூடாது.

"ஏன், கொஞ்சம் திறந்துவிட்டால் சீக்கிரம் ஆறாதா?" என்று கேட்டேன்.

"ஆறும். சரக்கு அத்தனையும் வெடிச்சிடும். சூட்டுல காத்து புகுந்தா அவ்வளவுதாண்ணே. நாளைக்குக் காலையிலதான் திறக்கணும். இன்னைக்கு எனக்கு லீவு மாதிரி."

மூலையில் என் வண்டி. சரக்கை உள்ளே வைத்துச் சுடும் மண்பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, அவற்றின் மேல் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தியிருந்தார். சுற்றிலும் வைக்கோல், மேலே சாக்கு. சாக்கை எடுத்ததும் நான் நம்பவில்லை. வாங்கிய அன்று இருந்ததுபோல இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை. இரண்டு சைலன்சர் வாயிலும், பெட்ரோல் டாங்க் மூடியைச் சுற்றியும் வெள்ளை மண் பூசிக் காய்ந்திருந்தது. சூளை வாசலை அடைப்பதுபோலவே வண்டியையும் அடைத்திருந்தார்.

"எறும்பு நுழைய முடியாதுண்ணே."

"சரி, எடுய்யா. ஒரு மணிக்கு நான் மங்களூரில் நிற்க வேண்டும்."

சைலன்சர் மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தார். டாங்க் மூடியில் ஒட்டியதைச் சுரண்டினார். நான் அவசரப்படுத்த, ஈரத்துணியால் மூடியை அழுத்தி அழுத்தித் துடைத்துப் பளபளப்பாக்கினார். ஐப்பசியில் நிரப்பிய பெட்ரோல் அப்படியே இருந்தது. நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. கொட்டகை முழுக்கப் புகை.

"நானும் வரேண்ணே. வழியில நின்னா தள்ள ஆளு வேணும்ல?"

"வாயைக் கழுவு" என்றேன். ஏறிக்கொண்டார்.

காலை 8.55. வேப்பூர் ரோடு. இருபக்கமும் கடலைக் கொல்லை, முந்திரி, நடுநடுவே கரும்பு வண்டிகள். வெயில் ஏறவில்லை, காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. மூன்று மாதம் கழித்து வண்டி ஓட்டுகிறேன். நன்றாகத்தான் இருந்தது. என் மீட்டர் கணக்குப்படி ஆறாவது மைலில் எஞ்சின் விக்கி, இரண்டு தடவை இழுத்து, நின்றது.

இறங்கினேன். மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் தளும்புகிறது. மூடினேன். உதைத்தேன். கிளம்பியது. "பனி பிடிச்சிருக்கும்" என்றார் அருளப்பன். நாலு மைல் போனதும் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன். உதைத்தேன். கிளம்பியது. பிளக்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த நாலு மைலில் அந்த முடிவும் போயிற்று.

காலை 10.25. வேப்பூர். திருச்சி ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டல்களில் காலையிலேயே புரோட்டா தட்டுகிற சத்தம். ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, கழுவி, மாட்டினான். ஒரு மணி நேரம். மூன்று ரூபாய். டாங்கைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உதைத்தான், கிளம்பியது.

"தூசிங்க. எங்க வெச்சிருந்தீங்க வண்டிய?"

"சூளையில்."

"வண்டியச் சூளையில வெக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன். அடுத்த வாட்டி வெந்ததும் கொண்டாங்க."

அடிக்க வேண்டும் போல இருந்தது. நேரமில்லை.

காலை 11.50. வேப்பூர் தாண்டி மேற்கே ஐந்து மைல். வறண்ட காடு, வேலியில் கருவேலம், ஒரு ஆள் இல்லை. வண்டி நின்றது. நான் வண்டியை உதைத்தேன். கிக்கரை அல்ல, வண்டியை. பிறகு அருளப்பன் பக்கம் திரும்பினேன். உன் பட்டறைத் தூசி, உன் மண்ணு, உன் வைக்கோல், உன்னை நம்பினேன் பார், என் வேலை போனால் உன் சூளையில் கொண்டுபோய் என்னையும் அடை என்று, நினைவிருக்கிற வரை இதெல்லாம் சொன்னேன். நினைவில்லாததையும் சொல்லியிருப்பேன்.

அவர் டாங்க் பக்கம் குனிந்தார். டாங்க் மூடியைத் திருகினார். புஸ் என்று ஒரு சத்தம். மூடிவிட்டு, என்னைக் கிளப்பச் சொன்னார். கிளப்பி, அங்கேயே நிறுத்தி வைத்து முறுக்கினேன். சில நிமிஷத்தில் விக்க ஆரம்பித்தது. எஞ்சின் சாகும் முன் மூடியைத் திருகித் தளர்த்தினார். மறுபடி புஸ். எஞ்சின் தெளிந்தது.

"அண்ணே, உள்ள காத்து இழுக்குது. சூளையில உள்ள எட்டிப் பாக்குற ஓட்டையத் திறந்தா இப்படித்தான் இழுக்கும். பெட்ரோலு கீழ எறங்கணும்னா மேல காத்து போவணும்ல? போவ வழியில்ல."

மூடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் ஊசி நுழையும் அளவு ஒரு பொத்தல். அதில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

"நான்தாண்ணே அடைச்சேன்."

"எதற்கய்யா அடைத்தாய்?"

"ஒரு மூச்சுக் காத்து போவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

மூன்று வருஷமாக அந்த வண்டி என்னிடம் இருக்கிறது. மூடியில் அப்படி ஒரு பொத்தல் இருப்பதே எனக்குத் தெரியாது. வழியில் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் மூடியைத் திறந்தேன், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. மூன்று ரூபாய் வாங்கிய மெக்கானிக்குக்கும் அது தெரியவில்லை. சூளைக்காரருக்குத் தெரிந்தது.

கருவேல முள்ளால் குத்தினார். கடுகளவு மண் உதிர்ந்தது. அதற்குப் பிறகு வண்டி எங்கும் நிற்கவில்லை.

மதியம் 12.35. மங்களூருக்கு அரை மைல் முன்னால் ஒரு வாய்க்கால். நான் நிறுத்தினேன். கைக்குட்டையை நனைத்துச் சக்கரக் கம்பிகளில் இருந்த மண்ணைத் துடைத்தேன். விளக்கைத் துடைத்தேன், சைலன்சர் இரண்டையும் துடைத்தேன்.

"வுடுங்கண்ணே, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? நேரமாவுது."

"உனக்குத் தெரியாது. வண்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள்" என்றேன்.

அது சரிதான். வண்டியைத்தான் பார்த்தார்கள்.

மதியம் 12.45. உரக்கடை வாசலில் இன்னொரு மோட்டார் சைக்கிள் நின்றது. மட்கார்டு பாதியைத் துரு தின்றிருந்தது, சீட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், எஞ்சின் வரை காய்ந்த சேறு. அதன் சொந்தக்காரர் மெலிந்த மனிதர், ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியைப் பார்த்ததும் வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அதிகாரி வெளியே வந்தார். என்னைவிடச் சின்ன வயது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். நிக்கலை விரலால் தடவினார். குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"அருமையா வெச்சிருக்கீங்க. எப்ப வாங்கினது?"

"மூன்று வருஷம் ஆகிறது, சார்."

"நாலாயிரத்துச் சொச்சம் மைல்தான் ஓடியிருக்குது?"

"கவனமாக வைத்திருக்கிறேன் சார். மழைக்காலத்தில் தொடுவதே இல்லை. ஐப்பசியில் உள்ளே வைத்தால் தையில்தான் எடுப்பேன்."

இதை நானேதான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க வேலையே ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதாங்க. நடவு அப்பதான், உரம் போடுறது அப்பதான். சேத்துல போவணும், மழையில போவணும். தையில வந்து என்னத்தைங்க விக்கிறது?" என்றார். பிறகு சேற்று வண்டிக்காரரைப் பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

நான் வாய் திறக்கும் முன் அருளப்பன், "சார், எங்க அண்ணன் இனிமே மழையில ஓட்டுவாரு சார்" என்றார். அதிகாரி சிரித்தார். நல்ல சிரிப்புதான். உள்ளே போய்விட்டார். மணி ஒன்று ஆகவில்லை.

மாலை 4.40. விருத்தாசலம். வேப்பூரில் சாப்பிட்டோம். திட்டுவதற்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. அருளப்பன் நான் சொன்னதைச் செய்தார். அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி. கொட்டகைக்கு வந்ததும் அருளப்பன் முதலில் சூளை வாசல் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடு இருக்குது. காலையில திறக்கும்போது இருந்து பாத்துட்டுப் போங்களேண்ணே. வூட்டுல படுத்துக்கலாம்."

"இல்லை, போகிறேன்."

"அடுத்த ஐப்பசிக்கும் கொண்டாங்க. அந்தப் பொத்தல மட்டும் வுட்டுடறேன்."

"கொண்டுவர மாட்டேன். திட்டினேனே, அதை மனசில் வைத்துக்கொள்ளாதேய்யா" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

"போயிட்டு வாங்கண்ணே. மூடிய அப்பப்ப பாத்துக்குங்க."

அந்த ஊரை விட்டு வெளியே வரும்போது ரோட்டில் அந்த உடைந்த கப்புகள் டயருக்கடியில் நொறுங்கின. காலையில் நடந்தபோது அவற்றுக்குப் பயந்தேன். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் வேறொரு கம்பெனி, பூச்சி மருந்து, சம்பளம் கொஞ்சம் குறைவு, மீட்டரில் அதற்குள் ஏறியிருந்த மைல்களைப் பார்த்துவிட்டுத்தான் என்னை எடுத்துக்கொண்டார்கள். சிதம்பரத்தில் வாசலுக்கு இன்னும் கூரை இல்லை. வண்டி மழையில் நிற்கிறது. நிக்கல் உரிந்துவிட்டது, சைலன்சர் ஒன்றில் ஓட்டை, சீட்டுக்குக் கயிறு போட்டாயிற்று. ஓடுகிறது.