கரமனை சிக்னலில் ஆடிய விரல்கள்

கரமனை சிக்னலில் சிவப்பு விழுந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வளைந்த கைப்பிடி வைத்த ரோடு பைக் சைக்கிள் வாங்கிய புதிது. விரல்கள் மரத்துப்போய், தோள் கடுத்தது. "இந்தச் சனியனை வித்துத் தொலைக்கணும்" என்று, மலையாளம் பேசும் அந்த ஊரில், தமிழில் முணுமுணுத்தபோதுதான் அந்தப் பெண்மணி திரும்பினார்.

காலையில் என் பக்கத்தில் சைக்கிளோடு வந்து நிற்பவர்தான். குட்டையாக வெட்டிய நரைமுடி, ஹெல்மெட்டுக்குக் கீழே விபூதிக் கீற்று. நின்றாலும் ஓட்டினாலும், பிரேக் பிடியின்மேல் அவர் விரல்கள் ஹார்மோனியம் வாசிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும்.

"கையை இப்படி விறைச்சு வெச்சா குழியெல்லாம் நேரே தோளுக்கு வரும், கேட்டேளா. முழங்கையைச் சித்த மடக்கிக்கோங்கோ. மணிக்கட்டு நேரா இருக்கட்டும்."

"லேசாப் பிடிச்சா விழுந்துட மாட்டேனா?"

"இறுக்கிப் பிடிச்சாத்தான் விழுவேள். நான் விழுந்தாச்சு."

பச்சை விழுந்ததும் போய்விட்டார். அவர் சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். சைக்கிளை விற்கவில்லை.

அப்புறம் பல நாள் அவரைக் காணோம். ஒரு மாலை தம்பானூர் நெரிசலில் என்னை ஒட்டி ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே அவர். புறங்கையில் ஊசி குத்திய பிளாஸ்டரோடு ஒரு மனிதர் அவர் தோளில் சாய்ந்து கண்மூடியிருந்தார். அந்தப் பெண்மணி முன்கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தார். முழங்கை கட்டைபோல விறைத்திருந்தது. விரல்கள் ஆடவில்லை.

சித்த மடக்கிக்கோங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆட்டோ நகர்ந்து, முன்னாலிருந்த குழியில் தடாலென்று இறங்கியது. அந்த அடி என் தோளில் விழுந்தது.