நீலக்கோடு போட்ட சீதன வீடு

காலநிலை மாற்றத்தைப் படம் கீறிப் படிப்பிக்கலாம் என்று சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நானும், சிற்பம் செய்யும் நண்பர் ஒருவரும் போயிருந்தோம். முதல் நாள் பிள்ளைகள் கீறியதெல்லாம் பனிக்கரடி. ஐஸ்பெட்டிக்குள் மீனைத் தவிர வேறொன்றையும் காணாத பிள்ளைகளுக்குக் கரடி எங்கிருந்து வந்ததோ! எனக்குப் பொறுமை போய்விட்டது. "கரடியை விடுங்கோ. உங்கட ஒழுங்கைக்குக் கடல் வந்தா எந்த உயரம்மட்டும் வரும்?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் கடலுக்குப் போகிற ஒழுங்கையில் இறங்கினோம். மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை ஒரு சிறுமி தன் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தாள். படிப்பது ஆறாம் ஆண்டு. வாய் மட்டும் பத்தாம் ஆண்டு. கடலோரத்தில் ஒரு கம்பை நட்டு, இன்னும் முப்பது வருடத்தில் கடல் ஏறி, அதன்மேல் புயலும் பெருக்கும் சேர்ந்து வந்தால் தண்ணீர் நிற்கக்கூடிய உயரம் என்று ஒரு குறி போட்டோம். கலைஞர்கள் அல்லவா, கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவிட்டோம். அந்த மட்டத்தைக் குழாயால் பிடித்து, வேலி, மதில், சுவர் எல்லாவற்றிலும் சோக்கால் கோடு போடச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் பிளேன்ரீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது ஒழுங்கை முழுக்க நீலக்கோடு. சோக்கு மழைக்கு அழிந்துவிடுமாம். அதனால் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை வீடு வீடாக வாங்கி வந்திருந்தார்கள். கடலுக்குள் கிடந்தாலும் கரையாத பெயின்ற். கோழிக்கூட்டில் கோடு, மதிலில் கோடு, மதிலில் யாரோ சாத்தி வைத்திருந்த சைக்கிளிலும் கோடு.

குழாய் கொண்டுவந்த சிறுமியின் தகப்பன், மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டி, அப்போதுதான் வெள்ளையடித்து முடித்த வீட்டையும் பிள்ளைகள் விட்டுவைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. முதல் வந்த சம்பந்தம் ஒன்று, வீடு முடியவில்லை என்றுதான் தட்டிப்போயிருந்தது. இப்போது வேறொரு மாப்பிள்ளையின் தாய், அன்று பின்னேரமே நிலாவெளியிலிருந்து வீடு பார்க்க வருவதாக இருந்தது.

தகப்பன் தலையில் கை வைத்தபடி முற்றத்தில் குந்திவிட்டார். "மிஸ், கடலுக்க போற வீட்டை ஆர் எடுப்பினம்?" என்று என்னைக் கேட்டார். மணப்பெண் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து தேய்த்தாள். கோடு போகவில்லை, புது வெள்ளைதான் போனது.

அழிக்க முடியாவிட்டால் அலங்கரிக்க வேண்டியதுதான். எங்கள் பெட்டியிலிருந்த நிறங்களையெல்லாம் கொட்டி, கோட்டுக்குக் கீழே வீட்டைச் சுற்றி மீன் கீறினோம். பாரை, சீலா, சூடை. நண்பர் தன் பங்குக்கு ஒரு திருக்கை. சிறுமி ஒரு கணவாய் மீனுக்குக் கண்மை தீட்டினாள். மாப்பிள்ளையின் தாய் ஓட்டோவை விட்டு இறங்கியபோது கடைசி மீனின் வால் இன்னும் காயவில்லை.

"நல்ல வடிவாக் கிடக்கு" என்றார் அவர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு சிறுமியிடம் கேட்டார்: "ஏன் பிள்ளை, மீனெல்லாம் கோட்டுக்குக் கீழ மட்டும் நிக்குது?"

அவருக்குப் பின்னால் நின்று நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கடைசியில் கும்பிட்டும் காட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கு மேல கடல் வராது மாமி. அதுவும் இப்ப இல்ல, அக்காவின்ர மகள் கலியாணம் கட்டுற காலத்திலதான். மிஸ்தான் சொன்னவ."

மாப்பிள்ளையின் தாய் சுவரருகே போய் நின்றார். கோடு அவருடைய இடுப்புக்கு இருந்தது. கடலைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார், பிறகு கூரையை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப என்ர பேத்திக்கு எந்த வீட்டைக் குடுக்கிறது?" என்று தகப்பனிடம் கேட்டார். "மேல ஒரு மாடித்தட்டுப் போட்டுத் தாங்கோ. கலியாணத்துக்கு நல்ல நாள் இண்டைக்கே பாப்பம்."

குசினிக்குள் அடுப்பருகே நின்ற மணப்பெண் சிரித்துவிட்டாள். மண்ணெண்ணெய் மணக்கிற கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. எனக்கும் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. தகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"பாத்தீங்களோ மிஸ்? கடல் ஏறினாலும் பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவன்தான் கட்டோணும்."