கிழக்கே அஸ்தமித்த சூரியன்

செம்பாக்கத்தில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கடலின் மேல் சிவப்பாக ஒரு சூரியன். கீழே சித்தியின் கையெழுத்தில் ‘கேரளாவில் அஸ்தமனம்’. அது அஸ்தமனமும் இல்லை, கேரளாவும் இல்லை. இதை எழுதியபின் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைப்பது சந்தேகம்தான்.

எதிர்வீட்டு அக்கா கேரளா போய்வந்து, கோவளம் கடற்கரையைப் பற்றி ஒரு வருடமாக அளந்துகொண்டிருந்தார். சித்திக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவைப் படுத்தியெடுத்துக் கோவளத்தில் அறை போடவைத்தார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அறை போட்ட விடுதியிலிருந்து சித்தப்பாவுக்குப் போன் வந்தது. “சார், மேடவாக்கம் வழியா வராதீங்க, ஒரே டிராஃபிக்.” சித்தப்பா அறை போட்டிருந்தது கேரளக் கோவளத்தில் இல்லை, முட்டுக்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நம்ம கோவளத்தில்.

விடுமுறைக் காலம், கேரளக் கோவளத்தில் அறையே இல்லை. “இப்படியே திரும்பிப் போனா தெருவுல தலைகாட்ட முடியுமா?” என்று சித்தி பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே மூன்று நாள் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் தலைமறைவு வாழ்க்கை. முட்டுக்காட்டில் படகு, வழியில் முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று எங்கே போனாலும் சித்தி கறுப்புக் கண்ணாடியோடும் முக்காடோடும்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் பாதித் தாம்பரம் அங்கேதானே இருக்கும். இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா, கடலில் சூரியன் மறைவதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். நம் கடலில் சூரியன் உதிக்க மட்டுமே செய்யும். சித்தி விடியற்காலையில் எடுத்த படத்தைப் பொத்திவைத்திருந்து மாலை ஆறரைக்கு அனுப்பினார். அன்றுதான் சித்தப்பா அவரை மரியாதையோடு பார்த்தார்.

கடைசி நாள் அக்கா வீடியோ காலில் வந்துவிட்டார். சித்தி கடலைக் காட்டிக்கொண்டிருக்கையில் கூடையோடு ஒரு மீன்காரம்மா குறுக்கே வந்து, “இன்னாம்மா, வஞ்சிரம் கீது, வேணுமா?” என்றார்.

போனில் அக்காவின் கண்கள் சுருங்கின. “ஏம்மா, அது எந்த ஊரு?” என்று மீன்காரம்மாவைக் கேட்டார்.

சித்தியின் உதடு மட்டும் சத்தமில்லாமல் ‘கேரளா’ என்றது. மீன்காரம்மா அதைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

“கேரளாதான். பொழப்புக்கு இங்க வந்து கீறோம். இன்னா இப்போ?”

இன்றைக்கும் சித்தி செம்பாக்கத்தில் மீன் வாங்குவதில்லை. பஸ் மாறிப் பஸ் ஏறிக் கோவளத்துக்கே போய், அந்த அம்மாவிடம்தான் வாங்குகிறார். எதிர்வீட்டு அக்காவிடம் மேடவாக்கம் வரை போய்வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்.