சின்னப் போனில் தெரியாத நேரம்

ஸ்டெலா அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சேலைக்கடையின் பொங்கல் தள்ளுபடியை இணையத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "நெஞ்சு நோகுது எண்டவ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்று நிறுத்தினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

அக்காவும் நானும் சேர்ந்துதான் அந்த அலுவலகத்தைத் தொடங்கினோம். கடைகளுக்கு இணையத்தளம் செய்வது எங்கள் தொழில். எனக்குப் பெரிய திரையில் பகட்டாகச் செய்யப் பிடிக்கும். அக்காவோ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே, பக்கத்தில் நிற்பவர்கள் போனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு வருவார். வந்ததும் என் வேலையில் குறை பிடிப்பார். கண்ணாடி வெடித்த சின்னப் போன் ஒன்று அவர் மேசையில் எப்போதும் கிடக்கும். அதில் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டார்.

அதே சேலைக்கடைக்கு முதன்முதலில் நான் செய்த பக்கம் கணினியில் ஜொலித்தது. அக்காவின் போனில் பட்டுச்சேலை மட்டும் தெரிந்தது; தள்ளுபடி வலப்பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. திரைக்கேற்ப மாறிக்கொள்ளும்படி அதைப் பிரித்து அடுக்கினார். பெரிய திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். சின்னதில் தள்ளுபடி மேலே, சேலை கீழே. கடை முதலாளி அக்காவிடம் முகம் சுளித்தார்.

"படம் சின்னனாப் போச்சே, பிள்ளை."

"பஸ்ஸில கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு கையால பாக்கிற ஆள்தான் உங்கட கடைக்கு வரப்போறா, அண்ணை. அவவுக்கு முதல்ல விசயத்தைச் சொல்லுங்கோ."

அந்தக் கிழமையே கடையில் கூட்டம். முதலாளி லட்டு அனுப்பினார். பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.

இம்முறை, தன் கடைப் பக்கத்திலிருந்து தள்ளுபடியை இறக்கிவிட்டு அக்காவின் மரண அறிவித்தலைப் போடச் சொன்னவரும் அவர்தான். அடக்கத்தன்று காலையில் அழுதுகொண்டே செய்தேன். இடப்பக்கம் அக்காவின் படம், அதன் கீழே 'இன்று அடக்கம்'. வலப்பக்கம் நேரமும் தேவாலயமும். எல்லாவற்றையும் ஒரே படமாக்கி ஏற்றினேன். பெரிய திரையில் வடிவாக இருந்தது. சின்னப் போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரமணி வந்தார். முன்பு எங்களோடு வேலை செய்தவர், இப்போது நுகேகொடையில் இருக்கிறார். கையில் மாலை. கூடத்தில் பெட்டி இல்லாததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நேரம் தெரியேல்லை, அண்ணா. இண்டைக்கு அடக்கம் எண்டு மட்டும்தான் கிடந்தது. வேலை முடிய வந்தாப் போதும் எண்டு நினைச்சன்."

போனைக் காட்டினார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்த பக்கம் திரையில் வரவே இல்லை. ரமணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அக்காவைத் தெரிந்த உங்களில் வேறு யாரும் இப்படி வந்து திரும்பினீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், பிழை என்னுடையது.

அந்தச் சின்னப் போன் இனி என் மேசையில்தான் இருக்கும். அறிவித்தலை அக்கா செய்வதுபோலப் பிரித்து அடுக்கி, முதல் வேலையாக அதில் திறந்து பார்த்தேன். பெயர், நேரம், தேவாலயம் எல்லாம் ஓரெழுத்தும் வெட்டுப்படாமல் தெரிந்தன. அடக்கம் முடிந்திருந்தது.