எட்டு வருடமாக நான் சாப்பிடாத சாப்பாடுகள்

வெளிநாட்டுக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் வயிறும் தெரிந்திருக்க வேண்டும். கண்டியைச் சுற்றி எனக்குத் தெரியாத பாதை இல்லை. வயிறு விஷயத்தில்தான் எட்டு வருடமாகக் குழம்பிப்போய் நிற்கிறேன். இதே தொழிலில் இருக்கிறவர்கள் படித்தால் 'அட, நம்ம கதை' என்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

முதலில் டிரைவர் ரூம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கெஸ்டைக் கூட்டிக்கொண்டு எந்தப் பெரிய ஹோட்டலுக்குப் போனாலும் கெஸ்ட் முன்வாசலால் உள்ளே போவார், டிரைவர் பின்பக்கம் போவார். சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு நீட்டு மேசை, நாலைந்து பிளாஸ்டிக் கதிரை. கெஸ்டைக் கொண்டுவந்த புண்ணியத்துக்கு நமக்குச் சாப்பாடு சும்மா. முன்னால் சைனீஸோ, தாய்லாந்தோ, வட இந்தியாவோ, எதுவாகவும் இருக்கட்டும். பின்னால் எப்போதும் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு மரக்கறி.

என் மனைவி ரேவதி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நான் வேன் ஓட்டத் தொடங்கிய முதல் வாரமே கேட்டாள், "இன்னைக்கு என்னங்க சாப்பிட்டீங்க?" உள்ளதைச் சொன்னேன்: சோறும் பருப்பும். அவள் முகம் வாடிப்போய்விட்டது. "சைனீஸ் ஹோட்டலுக்குப் போயிட்டு வந்து சோறும் பருப்புமா? எனக்குச் சொன்னா குறைஞ்சா போயிடும்?" என்றாள். மறுநாள் கெஸ்ட் சாப்பிட்டதையெல்லாம் நான் சாப்பிட்டதாகச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா! அன்றைக்குப் பிடித்தது சனி. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள், நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். என்றைக்காவது அவளை ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தால் என் கதி என்ன? வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்தப் பயம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும்.

எந்த நாட்டுச் சாப்பாடு?

சீனாவிலிருந்து ஒரு கணவன் மனைவி. மூன்று நாளாக இடியப்பமும் கொத்து ரொட்டியும் சாப்பிட்டு வயிறு ஊரைத் தேடிவிட்டது. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்கள்: "சீனச் சாப்பாடு வேண்டும்." இதென்ன பெரிய விஷயம்? வாவிக்கு மேலே மலையில் இருக்கிற சைனீஸ் ஹோட்டலுக்கு விட்டேன் வண்டியை. சிவப்பு விளக்கு, வாசலில் டிராகன், சுவரெல்லாம் சீன எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்த அந்த அம்மா என்னவோ சொல்லிச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை.

அங்கே பாலன் என்று யாழ்ப்பாணத்துப் பையன் வெயிட்டர், எனக்கு நல்ல பழக்கம். பிரைட் ரைஸ், டெவில் சிக்கன், சிவப்புச் சில்லி பேஸ்ட் எல்லாம் கொண்டுவந்து வைத்தான். இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. பிறகு அந்த மனிதர் கைப்பேசியை நீட்டினார்: "மிகவும் ருசி. இது எந்த நாட்டுச் சாப்பாடு?" நான் பாலனைப் பார்த்தேன், பாலன் சுவரில் இருந்த சீன எழுத்தைப் பார்த்தான். சமையல்காரர் மாத்தளை, முதலாளி குருநாகல். என் காதுக்குள் குனிந்து பாலன் சொன்னது இதுதான்: "அண்ணை, நான் என்னத்தைச் சொல்ல? வேலைக்குச் சேரேக்க இது சைனீஸ் எண்டுதான் எனக்கும் சொன்னவை."

வைத்ததெல்லாம் உங்களுக்கு

சென்னையிலிருந்து வந்த ஒரு மாமாவும் மாமியும். சுத்த சைவம். மார்க்கெட் பக்கம் ஒரு சைவக் கடையில் இறக்கிவிட்டு, வேனை நிறுத்த இடம் தேடிப் போனேன். கண்டி டவுனில் வேன் நிறுத்துவதென்றால் சும்மாவா? நான் திரும்பி வர முக்கால் மணி நேரம்.

நம் ஊர் வழக்கம் நமக்குத் தெரியும். டீ கேட்டால் கூடவே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், சூசியம் எல்லாம் வரும். வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம், தொட்டதற்கு மட்டும்தான் காசு. அவர்களுக்கு இதை யார் சொன்னது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஞாபகமே வரவில்லை, ஏனென்றால் இது ஒரு வழக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உலகமெல்லாம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்காமலே வைத்த சாப்பாட்டை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று இருவரும் கஷ்டப்பட்டு முழுத் தட்டையும் முடித்திருக்கிறார்கள். பாவம், நல்ல பசி போல என்று வெயிட்டர் உடனே இரண்டாவது தட்டையும் நிரப்பி வைத்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது மாமா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். மாமி கையில் பாதி வடை. என்னைக் கண்டதும் கண் கலங்கக் கேட்டார்: "தம்பி, இதையும் முடிச்சாத்தான் வெளிய விடுவாங்களா?"

போத்தலில் இருப்பது

ஜெர்மனிக்காரப் பெண் ஒருவர், மீன் இறைச்சி எதுவும் தொடமாட்டார். கம்பளைக்குப் போகிற வழியில் கெலிஓயாவில் ஒரு சோற்றுக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், 'நானா' என்போம்; அவரிடம் தெளிவாகச் சொன்னேன், மரக்கறி மட்டும், மீன் கூடவே கூடாது என்று. "மீனே இல்ல, பயப்பிட வாணாம்" என்றார். பாதிச் சாப்பாட்டில் அந்தப் பெண் சம்பலிலிருந்து ஒரு சின்னச் சிராயை எடுத்து என் முன்னால் வைத்து, இது என்ன மரம் என்று கேட்டார்.

நான் அதை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். "இது மாசி தானே?" "ஓ, மாசி தான். மாசி போடாமச் சம்பல் செய்றதா?" "காய வைத்த சூரைதானே மாசி, அது மீன் இல்லையா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. எட்டு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் விரதம் என்று டிரைவர் ரூமில் சோறு, பருப்பு, சம்பல் மட்டும் சாப்பிடுகிறவன் நான். அங்கேயும் சம்பல்! அப்போ என் விரதமெல்லாம்? முருகா! நான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நானா அமைதியாகச் சொன்னார்: "தம்பி, மீனெண்டா கடல்ல இருக்கிறது, இது போத்தல்ல இருக்கிறது."

பச்சை இறைச்சி

பேராதனைப் பக்கம் புதிதாக ஒரு கொரியன் கடை திறந்தார்கள். கொரியாவிலிருந்து வந்த இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகளைக் கூட்டிப்போனேன். நீங்களும் வந்து உட்காருங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார்கள். முதல் தடவையாக, கெஸ்ட் சாப்பிடுகிற முன் ஹோலில், மெத்தை போட்ட கதிரையில் உட்கார்ந்தேன். இன்றைக்காவது ரேவதியிடம் உண்மையைச் சொல்லலாம் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

வெயிட்டர் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். பார்த்தால், பச்சைக் கோழி இறைச்சி! மெல்லிசாக வெட்டி, மசாலா தடவி, வேகவே இல்லை. சமையலறையில் மறந்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். கெஸ்ட் முன்னால் நம் ஊர் மானம் போகலாமா? தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் ஒரு சத்தம் போட்டேன். "இதை எப்படி மனுஷன் சாப்பிடுறது? அடுப்பு இல்லையா உங்ககிட்ட?" மேசையின் நடுவில்தான் அடுப்பு இருக்கிறது, சாப்பிடுகிறவரே சுட்டுச் சாப்பிட வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதை நான் மேசை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் போய் அந்த இரண்டு பேர் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. வேனில் ஏதோ சத்தம், பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டிரைவர் ரூமுக்கு நழுவினேன். அங்கே பருப்பு காத்திருந்தது. போகிற வழியில் சமையல்காரர், அக்குறணை முஸ்லிம் பையன், மனத்தாங்கலோடு சொன்னார்: "நானா, எனக்கும் சமைக்கத் தெரியும், சமைக்காம இருக்கத்தான் இங்க சம்பளம் தாராங்க."

சோயா சோஸ்

பகலெல்லாம் பருப்பு சாப்பிடுகிறவன் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பருப்பு. வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கும் பருப்பா?" என்று சலித்துக்கொள்வேன். ஊர் ஊராக ருசி பார்த்த நாக்குக்கு என் சமையல் இறங்கவில்லை என்று ரேவதி எடுத்துக்கொண்டாள். ஒருநாள் பருப்புக்கறி கறுப்பாக வந்தது. அவள் கடைக்குப் போய் சோயா சோஸ் வாங்கிவந்து பருப்பில் ஊற்றியிருக்கிறாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அருமையா இருக்கு" என்று சொல்லி முழுவதையும் விழுங்கினேன். தொண்டையில் இறங்கியது கறி மட்டும் இல்லை, என் எட்டு வருடப் பொய்யும்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கோழை. அவள் சந்தோஷமாகத் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ நாளையிலிருந்து சாம்பாருக்கும் ஊத்தவாங்க?"

முன்வாசல்

கடைசியில் அந்த நாளும் வந்தது. எங்கள் கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை. "இந்தத் தடவை சேலை வேணாம். அந்த வாவிக்கு மேல சைனீஸ் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு எது நல்லா இருக்கும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள். முதல் நாள் முழுக்க நான் மெனுவை மனப்பாடம் செய்தேன், பரீட்சைக்குப் படிப்பதுபோல. பெயர் தெரியும், விலை தெரியும், ருசி மட்டும் தெரியாது.

மத்தியானம் போனோம். டிராகன் வாசலில் வேனை நிறுத்தி, ஓடிப்போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன், பழக்கதோஷம். வாசலில் பாலனைக் காணவில்லை, ஒரு புது வெயிட்டர். அவர் ரேவதியைப் பார்த்து, "வெல்கம் மேடம், வன் பெர்சன்?" என்று கும்பிட்டார். என்னைப் பார்த்து, "ஐயே, சாப்பாடு ரெடி" என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துச் சொல்லிப் பின்பக்கத்தைக் கைகாட்டினார். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். என் கால்கள் தாமாகவே பின்பக்கம் போய்விட்டன. ஆமாம், போய்விட்டன! கை கழுவி, சோறு போட்டு, பருப்பு ஊற்றி, பக்கத்தில் இருந்த டிரைவரிடம் "எங்கே இன்றைக்குப் பயணம்?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு வாயும் வைத்துவிட்டேன். "உங்களோட கெஸ்ட் எந்த நாடு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்போதுதான் ஐயோ என்றிருந்தது.

கழுவாத கையோடு முன் ஹோலுக்கு ஓடினேன். வாவி தெரிகிற ஜன்னலோரம் ரேவதி தனியாக, நல்ல சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாலன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணை, என்னை ஏசாதையுங்கோ" என்றான் என்னைக் கண்டதும். "அக்கா கேட்டவ, எங்கட வீட்டுக்காரர் இஞ்ச வழமையா என்ன சாப்பிடுறவர், அதையே கொண்டாங்கோ எண்டு. நான் பொய் சொல்லேலுமே?"

மேசையில் தங்கக்கரை போட்ட வெள்ளைத் தட்டுகள் இரண்டு. இரண்டிலும் சோறு, பருப்பு, சம்பல். பக்கத்தில் மடித்துவைத்த துணி நாப்கின். என் விரல் நுனியில் இன்னும் மஞ்சள் பருப்பு ஒட்டியிருந்தது, அவள் அதைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ரேவதி, நான் வந்து..." என்று தொடங்கினேன். அவள் எதிர்க் கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள். கோபமா, சிரிப்பா, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வாய் எடுத்து மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "என் பருப்புதான் நல்லா இருக்கு, உக்காந்து சாப்பிடுங்க, இனி வீட்டுல 'இன்னைக்கும் பருப்பா'ன்னு கேட்டீங்கன்னா அந்தச் சோயா சோஸ் போத்தலை உங்க தட்டுல அப்படியே கவுத்துருவேன்."

எட்டு வருடத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்களை முன்வாசலால் அனுப்பிவைத்தவன் நான், என்னை முன் ஹோலில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டது என்னவோ பின்பக்கத்துப் பருப்புதான்.