தனபால் அண்ணனின் மினி லாரி

செவ்வாய்க்கிழமை காலை சூளையில் பொருள் அடுக்கிக்கொண்டிருந்தபோது தனபால் அண்ணனின் மனைவி சுசிலா அக்கா போன் செய்தார். "அவரு போயிட்டாருங்க" என்றார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்துவிட்டாராம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்யும் நம்மில் பலருக்கு தனபால் அண்ணனைத் தெரியும். நம் விளக்குகளும் பொம்மைகளும் அவருடைய மினி லாரியில்தான் வெளியூர் போயின. எனக்கு அவரை உள்ளபடி தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

அந்த மாதம் அனுப்பிய சரக்கெல்லாம் உடைந்தே போய்ச் சேர்ந்தது. கடைக்காரர்கள் திட்டினார்கள். நான் அந்தக் கோபத்தை, பெட்டி கட்டும் ஜெயந்தியின் மேல் கொட்டினேன். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்க, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் தனபால் அண்ணன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லீங்க. என் வண்டி மேலதான். ஒரு மாசமா பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம் வருது. அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து நேரில் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

போனபோது வீட்டு வாசலில் லாரியின் பின்பக்கம் ஜாக்கியில் ஏறி, கட்டைகளின் மேல் நின்றது. சக்கரங்களைக் கழற்றியிருந்தார். பளு தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் முனைத் துளைக்குள் ரப்பர் புஷ் இருக்கும். அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். அவர் கடப்பாரையை வைத்து நெம்பியதும் பட்டை லொடலொடவென்று ஆடியது. ரப்பர் பாதிக்கு மேல் தேய்ந்து கிழிந்திருந்தது. ஜெயந்தி எப்படிக் கட்டியிருந்தாலும் பெட்டிக்குள் ஒன்றும் தப்பியிருக்காது.

இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு புஷ்கள். துருப்பிடித்த பழசை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். சுசிலா அக்கா சோப்புத் தண்ணீர் கலக்கித் தர, புதியதை அதில் முக்கி, நீளமான போல்ட்டை முறுக்கி முறுக்கி உள்ளே ஏற்றினார். மாலையில் சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே நட்டுகளை முழுதாக இறுக்கினார். ஏன் என்று கேட்டேன். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், எடை ஏறிய பிறகு இறுக்கினால்தான் நெடுநாள் வரும் என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரும் இருக்கறப்பதான திட்னீங்க. எல்லாரும் இருக்கறப்பவே கூப்புடுங்க. நானும் வந்து சொல்றேன்."

மறுநாள் நானே ஜெயந்தி வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். பட்டறையில் அவர் முதலில் பேசினார், தன் வண்டியால் வந்த வினை என்றார். பிறகு நான் பேசினேன். விசாரிக்காமல் திட்டியது என் தவறு என்றேன். ஜெயந்தி "வுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வைக்கோலை எடுத்துப் பெட்டி கட்ட உட்கார்ந்தாள். அன்று அவள் கட்டிய சரக்கு வேப்பூர் வழியாகச் சென்னை போனது. ஒரு விளக்குகூட உடையவில்லை.

தனபால் அண்ணனின் உடலை எடுத்துச் செல்லும்போது ஜெயந்தி சுசிலா அக்காவைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நீ அவருக்கு என்ன உறவு என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார். "எனக்காகப் பேசினவருங்க" என்றாள்.

தவறு என்னுடையது என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல எனக்கு முன்பெல்லாம் வாய் வந்ததில்லை. இப்போது வருகிறது. தனபால் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.