பிரசவம் பார்த்த கை

அம்மனைத் தேடி வந்திருக்கிற உங்க முன்னால, நான் மாட்டிக்கிட்டுத் தவிச்ச கதையைச் சொல்றேன்.

இலங்கை சுதந்திரமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கப்பா மலைநாட்டுல வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. என்னைத் திருச்சி காலேஜுக்கு அனுப்பினாங்க. முதல் வருஷம் நரகம். வெயில்ல மூக்குல ரத்தம் வரும். பாடமெல்லாம் இங்கிலீசு. வாயைத் திறந்தா "சிலோன் பொண்ணு"ன்னு சிரிப்பாங்க. ஹாஸ்டல் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவேன். எப்படியோ பழகி, பரீட்சையும் பாஸ் பண்ணி லீவுக்கு வந்தேன்.

இங்கதான் அடைபட்டேன்.

திரும்பிப் போக புதுப் பயணப் பத்திரம் வேணும். பிறப்புப் பதிவுல என் பேரு சரசாயி. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல சரஸ்வதி. "ரெண்டும் ஒரே ஆளா? பெத்தவங்க சொன்னா போதாது. பிரசவம் பார்த்தவங்க வந்து சத்தியம் பண்ணட்டும்"னு சொல்லிட்டார் கொழும்பு ஆபீசர்.

பிரசவம் பார்த்தது காத்தாயி மருத்துவச்சி. தூரத்துல இருக்கிற உடப்புசல்லாவைக்குக் குடிபோய்ப் பல வருஷம். செத்துட்டாங்கன்னு கேள்வி.

ஜூன் கடைசிக்குள்ள வராட்டி பேரை எடுத்துடுவோம்னு காலேஜ்லேருந்து கடிதம். அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிட்டார். மழை விடல. வாசல்ல நின்னா எதிர் மலைகூடத் தெரியல. அங்க நான் சிலோன்காரி, இங்க இந்தியாக்காரி. எங்க போவேன்?

வைகாசியில தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஈரச்சேலையோட நின்னு கேட்டேன்: "தாயே, ஒரு வழி காட்டு. இல்லாட்டி படிக்கிற ஆசையையே என்கிட்டேருந்து எடுத்துடு."

கண்ணைத் திறந்தா, மாவிளக்கு ஏந்தின ஒரு வயசான அம்மா என்னையே பார்க்கிறாங்க.

"நீ கணக்கப்புள்ள மகதானே? அம்மா ஜாடை அப்படியே இருக்கு."

"நீங்க யாருங்க?"

"ஒன்ன முதல்ல கையில ஏந்தினவ நாந்தான்டி. காத்தாயி."

பேரனுக்கு அம்மை இறங்கினதுக்கு இந்தப் பழைய தோட்டத்து அம்மனுக்கு வேண்டுதல் செலுத்த, பஸ் மாறி மாறி வந்திருக்காங்க. அப்பா அவங்க கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதார். அப்பா அழுது அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே மூணு பேரும் கொழும்புக்கு ரயிலேறினோம். ஆபீசர் கேட்ட கேள்விக்கெல்லாம் காத்தாயி அம்மா தயங்காம பதில் சொன்னாங்க. கடைசியா, "தொப்புள்கொடி அறுத்த கைங்க இது. எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. அவர் சிரிச்சிக்கிட்டே எழுதிக்கிட்டார்.

கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னால திருச்சியில இறங்கினேன். அப்புறம் யாரு சிரிச்சாலும் நான் ஒளியல. படிச்சு முடிச்சு, இப்போ இங்கயே டீச்சரா இருக்கேன். பிள்ளைங்களுக்குப் படிப்போட பிரார்த்தனையும் சொல்லித் தர்றேன்.

எந்தப் பக்கமும் வழி தெரியாம நிக்கிறவங்க யாராவது இங்க இருந்தா, வாய்விட்டு அம்மன்கிட்ட கேளுங்க. ஆளை அனுப்புவா. நீங்க நினைச்சே பார்க்காத ஆளை.